சுடுதண்ணி ஊத்தற ஊருக்கு எந்த பாட்டில், எந்த டப்பா? குன்னூர் கடைல வாங்கினதுல என் ரிவ்யூ

குன்னூர் மார்க்கெட்டுக்குள்ள காய்கறிக் கடைங்கள தாண்டி போனா பாத்திரக்கடைங்க வரும்ல, அதுல ஒரு பாய் கடைலதான் போன வருஷம் எங்க வீட்டு பாட்டில், டப்பா எல்லாத்தையும் மொத்தமா மாத்தினோம். வாங்கினது இவ்ளோதான், பாக்க கண்ணாடி கணக்கா தெரியற ட்ரைட்டான்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச ஒரு பாட்டில், கிளிப் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா செட் ஒண்ணு, ரெண்டு கண்ணாடி டப்பா, சாதா எவர்சில்வர் பாட்டில் ஒண்ணு, அப்புறம் ஒரு ஸ்டீல் ஃப்ளாஸ்க். எங்க வீடு நீலகிரில குன்னூர் பக்கம் கேத்தில. மழை, பனி ரெண்டு சீசன்லயும் இதெல்லாம் நல்லா அடிபட்டாச்சு, அதனால இப்ப எழுதினா நியாயமா இருக்கும். அவசரத்துல இருக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், ஸ்டீல் பாட்டில கண்ண மூடிட்டு வாங்கலாம், கண்ணாடி டப்பா நல்லது ஆனா விவரம் கேட்டு வாங்கணும், பிளாஸ்டிக் டப்பா அரிசி பருப்புக்கு ஓகே குழம்புக்கு வேணாம், ட்ரைட்டான் பாட்டில் குடுத்த காசுக்கு வொர்த் இல்ல. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா மேல படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

பிளாஸ்டிக் பாட்டில் நல்லதா கெட்டதான்னு தேடினா வர்றது முக்காவாசி வெயில் ஊர்க்காரங்க எழுதினது. கார்ல பாட்டில விட்டுட்டு போகாதீங்க, மொட்டமாடில கேன வெக்காதீங்க, இதான் இருக்கும். நம்ம ஊர்ல வெயில் எங்கங்க அடிக்குது, ஜூலைல போட்ட துணியே நாலு நாள் காயாது, அதனால மலைல இருக்கறவங்களுக்கு இந்த கவலையே தேவையில்லன்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்காங்க. எனக்கு அது அப்படியே தலகீழாத்தான் படுது. கீழ இருக்கறவங்க பச்சத்தண்ணிய ஊத்தறாங்க, அத எப்பவாவது வெயில் சூடாக்குது. நாம வருஷம் முச்சூடும் நேரா சுடுதண்ணியவே ஊத்தறோமே. பச்சத்தண்ணி குடிச்சா தொண்ட கட்டிக்கும்னு ஸ்கூல் போற குழந்தைல இருந்து தோட்டத்துக்கு போற பாட்டி வரைக்கும் அடுப்புல இருந்து எறக்கினத அப்படியே பாட்டில்ல சாய்ச்சு மூடி போட்டு பைல வெச்சுட்டு கெளம்பறதுதான் பழக்கம். காலைல எங்க வீட்டுக்கு கீழ ரோட்ல நின்னு பாத்தா தெரியும், எலை பறிக்க போற அக்காங்க பைல சோறு தூக்குப்போசில எவர்சில்வர்லதான் இருக்கும், அது தங்கம், ஆனா பக்கத்துலயே பழைய கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல பால் ஊத்தாத டீ, சூடு ஆறக்கூடாதுன்னு பழைய ஸ்வெட்டர் கைய வெட்டி மேல சுத்தி வெச்சிருப்பாங்க. டூரிஸ்ட்டும் அப்படித்தான், டீக்கடைல வந்து அண்ணா கொஞ்சம் ஹாட் வாட்டர்னு மினரல் வாட்டர் பாட்டில நீட்டுவாங்க.

மலைல தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும்ங்கறது நம்ம எல்லாருக்கும் தெரியும், ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், அங்க 92, 93 டிகிரிலயே கொதி வந்துடும், குன்னூர்ல இன்னும் ஒரு டிகிரி கூட இருக்கும், சும்மா சட்டில வெச்சா பருப்பு வேகாம உசுர வாங்கறதுக்கு காரணமே அதான். ஆனா அந்த 92 டிகிரிய லேசா எடுத்துக்காதீங்க. கூல்ட்ரிங்ஸ் பாட்டிலும் தண்ணி பாட்டிலும் பெட்ங்கற பிளாஸ்டிக், அடில முக்கோணத்துக்குள்ள 1னு போட்டிருக்கும், அது 70, 75 டிகிரிலயே இளக ஆரம்பிச்சிடும். டெஸ்ட் பண்ணி பாக்கணும்னா தூக்கிப் போடற பாட்டில் ஒண்ணுல கொதிக்கற தண்ணிய ஊத்தி சிங்க்ல வெச்சு பாருங்க, முதல்ல இடுப்பு சுருங்கும், சைடுல இருக்கற வரி எல்லாம் மழுங்கும், கழுத்து ஒரு பக்கமா சாயும், அடி உப்பிக்கும், அப்புறம் டேபிள்ல நிக்கவே நிக்காது. கண்ணுக்கு முன்னாடி உருவமே மாறற ஒரு பொருளுக்குள்ள இருந்த தண்ணிய குழந்தைக்கு குடுக்க எப்படி மனசு வருதுன்னு எனக்கு புரியல.

உருவம் மாறறது மட்டும் இல்ல. பெட் செய்யறப்போ ஆன்டிமனிங்கற ஒரு உலோகத்தோட ஆக்சைடு சேர்ப்பாங்க, ரியாக்ஷன் சீக்கிரம் நடக்கறதுக்கு, அதுல துளியூண்டு பிளாஸ்டிக்குள்ளயே தங்கிடும். சாதா சூட்டுல கடைல இருக்கற தண்ணி பாட்டில்ல அது எறங்கறது ரொம்ப ரொம்ப கம்மி, உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம்னு ஒரு அளவு வெச்சிருக்கு, பொதுவா அதுக்கு பக்கத்துல கூட போகாது. ஆனா சூடு கூட கூட, நாள் ஆக ஆக கசியறதும் கூடும், அதான் மேட்டர். ஒரு தடவ தண்ணி வெச்சு குடிச்சுட்டு போடறதுக்குன்னு செஞ்ச பாட்டில்ல வருஷக்கணக்கா தினமும் சுடுதண்ணி ஊத்துவாங்கன்னு செஞ்சவனே நெனச்சிருக்க மாட்டான்.

இதுல ஒரு வாட்ஸ்அப் கதைய மட்டும் ஒதுக்கி வெச்சிடுங்க, பாட்டில்ல இருக்கற டயாக்சின் தண்ணில எறங்கி கேன்சர் வரும்னு ஒண்ணு வருஷா வருஷம் சுத்தும். பெட் பாட்டில்ல டயாக்சினே கிடையாது. குளோரின் இருக்கற பிவிசி மாதிரி குப்பைய எரிக்கறப்போ வர்றதுதான் அது. மழைல ஈர வெறகு பத்தலன்னு பால் கவரு, பிஸ்கட் கவரு, கைல கெடச்ச பிளாஸ்டிக் எல்லாம் கொளுத்தி அடுப்பு மூட்டறாங்களே, கதவ வேற சாத்திக்கிட்டு, டயாக்சின் பயம் வரணும்னா அங்கதான் வரணும்.

சரி கடைக்கு வரேன். பாய் கிட்ட பாப்பாவுக்கு ஸ்கூல் பாட்டில் வேணும்னு கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "பச்சத்தண்ணியா சுடுதண்ணியா அக்கா?"ன்னுதான். இந்த ஒரு கேள்விக்காகவே இந்த கடைக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். சுடுதண்ணின்னதும் கையில எடுத்த கலர் பாட்டில திரும்ப வெச்சுட்டு வேற ஷெல்ஃபுக்கு போயிட்டார். எடுத்து காட்டின ஒவ்வொண்ணையும் கவுத்து அடில இருக்கற நம்பர காட்டித்தான் பேசினார்.

நான்தான் அவர் வேணாம்னு சொல்லியும் அந்த ட்ரைட்டான் பாட்டில் அழகா இருக்குன்னு எடுத்தேன், 600 சொச்சம் ரூபா. மேல பெருசா பச்ச எழுத்துல பிபிஏ ஃப்ரீன்னு ஸ்டிக்கர். இந்த ஸ்டிக்கர பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா இப்ப எத எடுத்தாலும் இது ஒட்டியிருக்கு. பிபிஏங்கறது பாலிகார்பனேட்னு ஒரு கெட்டியான கண்ணாடி போல பிளாஸ்டிக் செய்ய தேவைப்படற கெமிக்கல், டின் டப்பாவுக்கு உள்ள பூசற கோட்டிங்லயும் வரும். உடம்புக்குள்ள போனா ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கணக்கா வேல செய்யும்ங்கறதுதான் பிரச்சனை. அதனாலதான் குழந்தைங்க பால் பாட்டில்ல இத ஐரோப்பால 2011ல தட பண்ணாங்க, அமெரிக்கால 2012ல, நம்ம நாட்டுலயும் பால் பாட்டிலுக்கான ஐஎஸ்ஐ ஸ்டாண்டர்ட்ல 2015ல எடுத்துட்டாங்க. 2023ல ஐரோப்பாவோட உணவு பாதுகாப்பு அமைப்பு ஒரு நாளைக்கு உடம்பு தாங்கற அளவுன்னு முன்னாடி சொன்னத 20,000 மடங்கு கொறச்சிடுச்சு, அதுக்கப்புறம் 2024 கடைசில சாப்பாடு படற பொருள் கிட்டத்தட்ட எதுலயுமே பிபிஏ கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க. ஆக பயம் நெஜம்தான். ஆனா ஸ்டிக்கர் ஏமாத்து, ஏன்னா பெட்லயும் டிபன் டப்பா செய்யற பாலி ப்ரொப்பிலீன்லயும் பிபிஏ எப்பவுமே கிடையாது. இல்லாத ஒண்ண இல்லன்னு சொல்லி 100 ரூபா கூட வாங்கறாங்க. அதே நேரத்துல பிபிஏவ எடுத்துட்டு அதோட பங்காளிங்க பிபிஎஸ், பிபிஎஃப்னு போட்டாலும் ஸ்டிக்கர் பொய் ஆகாது, அந்த பங்காளிங்களும் உடம்புல கிட்டத்தட்ட அதே வேலையத்தான் பாக்குதுங்கன்னு ஆராய்ச்சி வந்திருக்கு.

அடில 7ன்னு போட்டா விஷம்னு சிலர் சொல்றாங்க, அதுவும் அர கொறதான். 7னா மத்ததுன்னு அர்த்தம், ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் சேராத எல்லாம் அங்க வரும். பாலிகார்பனேட்டும் 7தான், பாலிகார்பனேட்டுக்கு பதிலா ஒரு அமெரிக்க கம்பெனி 2007ல கொண்டுவந்த ட்ரைட்டானும் 7தான், அதுல பிபிஏ இல்ல. தண்ணி கேன்ல கெட்டியா நீலமா கண்ணாடியாட்டம் இருக்கறது நிறைய பாலிகார்பனேட், அதுல சுடுதண்ணிய மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க, கம்பி பிரஷ் போட்டு தேய்க்கவும் வேணாம்.

பாட்டிலுக்கு திரும்ப வந்தா, ட்ரைட்டான் சூடு தாங்குச்சு, அத மறுக்க மாட்டேன், கொதிச்ச தண்ணிக்கு ஒண்ணும் ஆகல, நெளியல. ஆனா பொட்டிக்குள்ள ஒரு சின்ன பேப்பர் இருந்தது, எறும்பு சைஸ் எழுத்துல 60 டிகிரிக்கு மேல ஊத்த வேணாம்னு. பாட்டில் தாங்கும்னா எதுக்கு இப்படின்னு மூடிய கழட்டி பாத்தா மூடில 5, அதாவது பாலி ப்ரொப்பிலீன், உள்ள இருக்கற ஸ்ட்ராவுல நம்பரே இல்ல. வாய் வெக்கற எடம்தான் எந்த பிளாஸ்டிக்னே தெரியாத எடம். சூடா ஊத்தி மூடி வெச்சு திறந்தா ஒரு ரப்பர் வாட வரும், பாப்பா ரெண்டாவது வாரமே வேணாம்னுட்டா. இப்ப அது என் ஆபீஸ் டேபிள்ல பச்சத்தண்ணிக்கு இருக்கு. 600 ரூபா பாட்டில பச்சத்தண்ணிக்கு வெக்கணும்னா அதுக்கு அது வேணுமா சொல்லுங்க.

டப்பா செட் கத எனக்கு கொஞ்சம் கலவையா இருக்கு. பாலி ப்ரொப்பிலீன், நம்பர் 5, பிளாஸ்டிக்ல சாப்பாட்டுக்கு இருக்கறதுலயே பரவால்லன்னு சொல்றது இதான், 160 டிகிரிக்கு மேலதான் உருகும். அரிசி, பருப்பு, ரவை, முறுக்கு எல்லாத்துக்கும் அருமை, நம்ம ஊர் ஈரத்துல அப்பளம் நமுத்து போகாம இருந்துச்சு, அதுக்கு மூடிக்கு நன்றி. பிரச்சனை சூடு, எண்ணெய் ரெண்டும் சேர்ந்து வர்றப்போ. சாம்பார் வெச்ச டப்பா ஒரே நாள்ல மஞ்சளாயிடுச்சு, விம் போட்டு தேய்ச்சாலும் வெயில்ல வெச்சாலும் போகல. மஞ்சள் உள்ள போச்சுன்னா பிளாஸ்டிக்குக்குள்ள போக வர வழி இருக்குன்னுதானே அர்த்தம். சாப்பாட்டுல இருக்கற எண்ணெய், பிளாஸ்டிக்ல சேர்த்த சாமான்கள தண்ணிய விட நல்லாவே இழுக்கும். நம்ம நாட்டு உணவு பாதுகாப்பு அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 பேக்கேஜிங் ரூல்ஸ்ல டப்பால இருந்து ஒரு கிலோ சாப்பாட்டுக்கு மொத்தமா 60 மில்லிகிராமுக்கு மேல எறங்க கூடாதுன்னு வெச்சிருக்காங்க. எறங்கவே எறங்காதுன்னு யாரும் சொல்லல பாருங்க, அளவோட எறங்கணும்னுதான் ரூல்.

துகள் விஷயம் இன்னொண்ணு. 2020ல அயர்லாந்துல டப்ளின் டிரினிட்டி காலேஜ்காரங்க இதே பாலி ப்ரொப்பிலீன்ல செஞ்ச பால் பாட்டில எடுத்து 70 டிகிரி சூட்டுல பால் பவுடர் கலக்கற முறைலயே டெஸ்ட் பண்ணாங்க, லிட்டருக்கு 1.6 கோடி வரைக்கும் மைக்ரோபிளாஸ்டிக்ங்கற பொடிப்பொடி பிளாஸ்டிக் துகள் வந்துச்சு, தண்ணி சூடு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறுது. 2023ல அமெரிக்கால நெப்ராஸ்கா யுனிவர்சிட்டில பிளாஸ்டிக் டப்பாவ மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம் வெச்சு பாத்தாங்க, அதுலயும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கே லட்சக்கணக்குல துகள். அதனால மைக்ரோவேவ் சேஃப்னு அலை அலையா கோடு போட்டிருந்தா டப்பா உருகாதுன்னு மட்டும் எடுத்துக்கங்க, அதுக்கு மேல அந்த கோடு எந்த கேரண்டியும் குடுக்கல. இந்த துகள் உள்ள போய் என்ன பண்ணுதுன்னு இன்னும் ஆராய்ச்சி போயிட்டே இருக்கு, 2024ல இத்தாலி டாக்டர்ங்க கழுத்து ரத்தக்குழாய் அடைப்புல பிளாஸ்டிக் துகள் இருந்தவங்களுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், சாவு ரிஸ்க் நாலரை மடங்கு கூட இருந்துச்சுன்னு பாத்திருக்காங்க, பிளாஸ்டிக்தான் காரணம்னு அதுலயே நிரூபணம் ஆயிடுச்சுன்னு சொல்ல முடியாது. பயந்து தூக்கம் கெட வேணாம், ஆனா கொதிக்கற ரசத்த பிளாஸ்டிக்ல ஊத்தாம இருக்கறதுக்கு அதுக்கு மேல என்ன காரணம் வேணும்.

இந்த செட்ல நம்ம ஊருக்குன்னே ஒரு குத்தம் இருக்கு. பாலி ப்ரொப்பிலீன் சூட்டுல பலசாலி, குளிர்ல பலவீனம், பூஜ்ஜியம் டிகிரி பக்கம் போனா வெரச்சு போய் உடையற பதத்துக்கு வந்துடும். ஜனவரில கேத்தி பள்ளத்துல புல்லு மேல எல்லாம் வெள்ளையா உறைபனி படியற காலைல, பின்கட்டு ஷெல்ஃப்ல இருந்த டப்பாவ எடுத்து கிளிப்ப தூக்கினேன், டக்குனு கையோட வந்துடுச்சு. அதே வாரத்துல இன்னொண்ணு. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அப்படித்தான் போச்சாம், வேற கம்பெனி டப்பா. கம்பெனிய திட்டி பிரயோஜனம் இல்ல, டிசம்பர் ஜனவரில கிளிப்ப உள்ள அடுப்பு பக்கம் கொஞ்ச நேரம் வெச்சுட்டு தொறங்க, இல்லன்னா கிளிப் இல்லாத திருகு மூடி டப்பாவா வாங்குங்க.

கண்ணாடி டப்பா ஊறுகாய்க்குன்னே வாங்கினது. எங்க அத்தை எலுமிச்ச ஊறுகாயும் நார்த்தங்காயும் போட்டு ஹெல்த் டிரிங்க் தீந்து போன பிளாஸ்டிக் பாட்டில்ல வருஷக்கணக்கா வெப்பாங்க. புளிப்பு, உப்பு, எண்ணெய், மாசக்கணக்குல நேரம், பிளாஸ்டிக்க சோதிக்கணும்னு லேப்ல உக்காந்து யோசிச்சா கூட இத விட நல்ல டெஸ்ட் கெடைக்காது. பழைய பாட்டில்ல உள்பக்கம் விரல் விட்டு தேய்ச்சு பாத்தா வழவழப்பு போய் நறநறன்னு இருந்துச்சு. "எங்க மாமியா காலத்துல ஜாடிதான், அது ஒடஞ்சப்புறம்தான் இது வந்துச்சு"ன்னு அத்தையே சொல்லிட்டு கண்ணாடிக்கு மாத்திட்டாங்க, சண்டையே இல்ல.

கண்ணாடில விவரம் என்னன்னா போரோசிலிகேட்டா சாதா கண்ணாடியான்னு கேட்டு வாங்கணும். சூட்டுக்கு விரியறது போரோசிலிகேட்ல சாதா கண்ணாடில மூணுல ஒரு பங்குதான். நம்ம சமையல்கட்டு கல்லு காலைல ஐஸ் கணக்கா இருக்கும், அதுமேல வெச்சு கொதிக்கற குழம்ப ஊத்தினா சாதா கண்ணாடி பொட்டுனு விட்டுடும். நான் வாங்கின ரெண்டுமே போரோசிலிகேட், ஒண்ணு 350 ரூபா ஆச்சு, ஒண்ணும் ஆகல, இருந்தாலும் அடில ஒரு துணி விரிச்சுத்தான் வெக்கறேன். மூடி மறுபடி நம்பர் 5 பிளாஸ்டிக்தான், அதனால ஆவி அடங்கினப்புறம் மூடுங்க, விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க. வெயிட்டு வேற, ஸ்கூலுக்கு குடுத்து விட முடியாது.

இப்ப நம்ம ஹீரோ, எவர்சில்வர் பாட்டில். ஒத்த சுவர், முக்கால் லிட்டர், 380 ரூபா. காந்தம் ஒட்டலன்னா நல்ல ஸ்டீல்னு எல்லாரும் சொல்லுவாங்க, அத நம்பாதீங்க. 304ங்கற நல்ல ரக ஸ்டீல்லயும் காந்தம் ஒட்டாது, நிக்கல கொறச்சு மாங்கனீஸ் போட்ட சீப் 200 வரிசைலயும் ஒட்டாது. அடில 304னோ, அதே ரகத்துக்கு இன்னொரு பேரான 18/8ன்னோ இருக்கா, ஐஎஸ்ஐ மார்க் இருக்கான்னு பாக்கறதுதான் வழி. பாய் இன்னொரு விஷயம் காட்டினார், ஸ்டீல் பாட்டில்னு நெனச்சு வாங்கற சில கலர் பாட்டில் அலுமினியம், தூக்கி பாத்தா பஞ்சாட்டம் இருக்கும், அதுக்கு உள்ள அலுமினியம் தண்ணில படாம இருக்க ஒரு கோட்டிங் குடுத்திருப்பாங்க, அந்த கோட்டிங் என்னன்னு கேட்டா விக்கறவனுக்கும் தெரியாது. டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, வெறும் ஸ்டீல் பளபளப்பு தெரியணும், பெயிண்ட் தெரிஞ்சா வேணாம்.

குறைன்னு பாத்தா சுடுதண்ணி ஊத்தினா கை வெக்க முடியாது, ஒரு மணி நேரத்துல ஆறியும் போயிடும். அதுக்கு அத்தை மிச்ச கம்பளி நூல்ல ஒரு உறை பின்னி குடுத்துட்டாங்க, பாப்பா பாட்டில பாத்துட்டு கிளாஸ்ல பாதி பேர் அதே மாதிரி கேக்கறாங்களாம். எலுமிச்ச ஜூஸ் ராத்திரி முழுக்க ஊத்தி வெச்சா லேசா இரும்பு ருசி வரும், தண்ணிக்கு மட்டும் வெச்சுக்கங்க. வாய் அகலமா இருக்கறத எடுங்க, கைய விட்டு கழுவலாம், ஊட்டி குன்னூர்ல வெச்சிருக்கற வாட்டர் ஏடிஎம்லயும் சிந்தாம புடிக்கலாம். கீழ இருந்து வர்ற சொந்தக்காரங்க பிளாஸ்டிக் கூடாதுன்னு செக்போஸ்ட்ல தண்ணி பாட்டில புடுங்கிட்டாங்கன்னு பொலம்புவாங்க இல்ல, கொடைக்கானல்ல 2024ல இருந்து 5 லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரின்னு வேற வந்திருக்கு, அவங்களுக்கெல்லாம் நான் சொல்றது இதே பாட்டில்தான். அந்த ரூல் எல்லாம் காட்டுக்காகவும் யானைக்காகவும் போட்டது, நம்ம வயித்துக்கும் சேத்து நல்லதா போச்சு.

ஃப்ளாஸ்க்குக்கு ரொம்ப எழுத ஒண்ணுமில்ல, 1,100 ரூபா, காலைல ஊத்தினது சாயங்காலம் வரைக்கும் நாக்கு சுடற அளவுக்கு இருக்கு. பால் டீய மட்டும் அதுல நாள் முழுக்க வெக்காதீங்க, வெதுவெதுப்புக்கு வந்துச்சுன்னா பால்ல கிருமி வளர அதுக்கு மேல வசதி கெடையாது. வாஷர கழட்டி வாரம் ஒரு தடவ சோடா உப்பு போட்டு கழுவுங்க.

வீட்ல எல்லாம் மாத்திட்டு வெளிய போய் அதையே வாங்கி குடிச்சா என்ன லாபம்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்வி. பேப்பர் கப் பேப்பர்னு நெனக்கறோம், உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூசி இருக்கு, கரக்பூர் ஐஐடில 85, 90 டிகிரி சூட்டுல 100 மில்லி தண்ணிய 15 நிமிஷம் வெச்சு பாத்தப்போ 25,000 துகள் எறங்கிச்சு. நம்ம மாநிலத்துல 2019 ஜனவரி 1ல வந்த தடைல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் சேத்திதான், ஆனா கடைல நிக்கறப்போ அது யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல. கண்ணாடி கிளாஸ்ல குடுங்கண்ணான்னு கேட்டா எல்லா டீக்கடைலயும் குடுக்கறாங்க. டூரிஸ்ட் கடைல முக்கோண வடிவத்துல பளபளன்னு நைலான் பைல டீ விக்கறாங்களே, கனடால மெக்கில் யுனிவர்சிட்டில 2019ல அந்த மாதிரி பிளாஸ்டிக் டீ பைய 95 டிகிரி தண்ணில போட்டதுக்கு ஒரே பைல இருந்து 1,160 கோடி மைக்ரோ துகள் வந்துச்சு. உலகமே வாங்கி குடிக்கற தூள் நம்ம வாசல்ல வெளையுது, அத வடிகட்டில போட்டு வடிக்க என்ன கஷ்டம். ஹோட்டல் பார்சலுக்கு தூக்குப்போசி எடுத்துட்டு போங்க, சூடான சாம்பார கவர்ல ஊத்தி நூல் கட்டி குடுக்கறத பாத்துட்டு இனி சும்மா நிக்காதீங்க.

கடைய பத்தி மிச்சம். வில ஆன்லைன விட அம்பது நூறு கூட, ஆனா நம்பர பாத்து, மூந்து பாத்து வாங்கலாம், சந்தேகமா இருந்தா பாய் கடைல இருக்கற சுடுதண்ணிய ஊத்தி வாட வருதான்னு காட்டறார், எந்த வெப்சைட்ல இது முடியும். உள்ளூர் கம்பெனி ஸ்டீல் பாட்டிலுக்கு வாஷர் தனியா 20 ரூபாய்க்கு வெச்சிருக்கார், கிளிப் ஒடஞ்ச டப்பாவுக்கு மூடி தனியா கெடைக்கல. கேக்காம பில் தரமாட்டார், கேட்டு வாங்கிக்கங்க. எனக்கு புடிக்காத ஒண்ணு, வாசல்லயே கார்ட்டூன் போட்ட குழந்தைங்க பாட்டில் ஒரு வரிசை தொங்குது, ஒண்ணுல கூட நம்பர் இல்ல, கம்பெனி பேர் இல்ல, ஐஎஸ்ஐ இல்ல. இவ்ளோ தெரிஞ்சும் ஏன் பாய் இத விக்கறீங்கன்னு கேட்டேன், "நீங்க வேணாங்கறீங்க அக்கா, உங்களுக்கு பின்னாடி வர்ற குழந்த அழுது வாங்குது"ன்னார். அதுக்கு ஒரு ஸ்டார் கொறச்சுட்டேன். ஞாயித்துக்கெழம மதியத்துக்கு மேல கடை இல்ல, சாமான் பேப்பர்லதான் சுத்தி தருவார், கண்ணாடி வாங்கறதா இருந்தா வீட்ல இருந்து நல்ல கட்டப்பை எடுத்துட்டு போங்க.